பெட்டிக்குள் ஒரு விசில்

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஐந்து மணிக்கு சர்க்யூட்டின் வரைபடம் போர்டு தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். அதற்குள் பெட்டியிலிருந்து வரும் விசில் நிற்காவிட்டால், அவள் எட்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்ட சர்க்யூட் அலமாரிக்குப் போய்விடும். பழையதே இன்னும் பத்து வருடம் ஓடும்.

சின்ன விமான நிலையங்களுக்கான ரேடியோ அது. விமானியின் குரல் 118.1 மெகாஹெர்ட்ஸில் வரும். அவ்வளவு வேகமான அலையை அப்படியே வைத்து வேலை வாங்குவது கஷ்டம். அதனால் பெட்டி தனக்குள்ளேயே, ஆசிலேட்டர் என்ற பகுதியில், ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 10.7, மெதுவான புது அலையாகக் கிடைக்கும். அந்தக் கலக்கும் இடத்தைத்தான் அவள் புதிதாகப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை வரை பெட்டி சமர்த்தாக இருந்தது. திங்கள் மதியம் மூன்று மணிக்கு விசில் அடிக்க ஆரம்பித்தது. நான்கு மணிக்குத் தானாக நின்றது. செவ்வாயும் புதனும் அப்படியே.

"வெயில் ஏற ஏற உன் ஆசிலேட்டர் நகருதும்மா," என்றார் சார். அவர்தான் அந்தப் பிரிவின் தலைவர். கடுமையானவர் இல்லை, ஆனாலும் அவர் முன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமையிலிருந்து அவருக்குக் காதுவலி வேறு. இடது காதில் பஞ்சு வைத்திருந்தார்.

அவள் ஆசிலேட்டரைச் செம்புத் தகட்டால் மூடினாள். சுருளை மாற்றினாள். கலக்கும் சில்லையே எடுத்துவிட்டு வேறு போட்டாள். விசில் அசையவில்லை. வெளியே தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 'இந்த அறைக்குள் போன், ரேடியோ கொண்டுவரக் கூடாது' என்று சாரே சிவப்பு மையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். தவிர, எங்கே எது கெட்டாலும் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புவது அவள் சுபாவம்.

இன்று வியாழன். மூன்று அடித்ததும் விசில் வந்தது. சார் எழுந்து வந்து பெட்டி மேல் குனிந்தார். விசில் ஓங்கியது. நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போனார். தணிந்தது.

"பாத்தியா மியூட்டு," என்றாள் ஈயம் பற்றவைக்கும் அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வாய் திறக்காத அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது இந்த அக்காதான். "பெட்டிக்குக்கூட சாரைக் கண்டா வெடவெடங்குது. நீ ஒருத்திதான் அப்படின்னு நினைச்சேன்."

சார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளி பாதியில் நின்றது.

சோதனைக் கருவியின் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ஆன்டெனாவை மட்டும் கழற்றினாள். விசில் பட்டென்று அறுந்தது. மாட்டினாள். வந்தது. அப்படியென்றால் அது அவள் சர்க்யூட்டில் பிறப்பதில்லை, வெளியே காற்றில் வருகிறது. திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நகர்ந்து வழிவிட்டது.

118.1-லிருந்து 10.7-ஐக் கழித்தாள். 107.4. ஊரில் புதிதாக வந்த பாட்டு நிலையம்.

கடையில் விற்கும் பாக்கெட் ரேடியோவும் இதே கலக்கும் வேலையைத்தான் செய்கிறது. 107.4-ஐக் கேட்க வேண்டுமானால், அது தனக்குள் 118.1-ஐ உண்டாக்கியாக வேண்டும். மலிவானது என்றால் அந்த அலை இயர்போன் கம்பி வழியாக வெளியேயும் கசியும். சோதனைக் கருவி அனுப்பும் 118.1-ஓடு அது மோதினால் விசில்.

அவள் சாரின் இடது காதைப் பார்த்தாள். பஞ்சுக்குக் கீழிருந்து மெல்லிய கம்பி ஒன்று காலருக்குள் இறங்கியது.

சொல்ல வேண்டும். அக்காவை வைத்துக்கொண்டு, நோட்டீஸ் ஒட்டிய மனுஷரிடம். எட்டு மாதத்தில் அவரிடம் அவள் பேசியதெல்லாம் "சரி சார்" மட்டும்தான். சார் பழைய சர்க்யூட்டின் வரைபடத்தைச் சுருளிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார்... அந்த 107.4-ஐக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

அக்கா பற்றுக்கோலைக் கீழே வைத்தாள். சாரின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. 'டிக்' என்றது. விசில் செத்தது.

அவர் மறுபடி போட்டார். விசில். அணைத்தார். அமைதி. புது சுவிட்ச் கிடைத்த குழந்தை மாதிரி இன்னொரு தடவையும் போட்டு அணைத்தார். பிறகு பிரித்த வரைபடத்தைத் தானே சுருட்டினார்.

"நாலு நாளா நீ என் பாக்கெட்டைத்தான் ரிப்பேர் பண்ணிட்டிருந்திருக்க. உன் சர்க்யூட்ல ஒரு குறையும் இல்லம்மா. நாளைக்கு எதுக்கு? இப்பவே அனுப்பிடு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது.

"அப்ப காதுவலி?" என்றாள் அக்கா, விடுகிற மாதிரி இல்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"கதவுல நோட்டீஸ் ஒட்டினது யாரு சார்?"

"சரி, சரி. நான்தான்."

"அப்படி என்ன சார் பாட்டு, பஞ்சு வெச்சுக் கேக்கற அளவுக்கு?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சை எடுத்தார். இயர்போனைப் பிடுங்கிவிட்டு ரேடியோவை மேஜை மேல் வைத்துத் திருகினார். ஒரு பெண் குரல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போனது. ஒரு வார்த்தையில் தடுக்கியது, தானே சிரித்துத் திருத்திக்கொண்டது. பக்கத்தில் அவளுடைய பெட்டியும் விசிலடித்தது. இந்தத் தடவை யாரும் அதைத் திட்டவில்லை.

"முதல் வாரம்," என்றார் சார். "கேக்க மாட்டேன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டா. நான் கேக்கறேன்னு தெரிஞ்சா வாய் குழறுமாம்."

"யாரு சார் அது?"

கேட்டது அக்கா இல்லை. மியூட்.

சார் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"என் பொண்ணு."