என் கையில் வைத்த பஞ்சு

பஸால் மச்சான் உம்றாவுக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, நான் இரண்டு றக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அவருக்கு நன்மை கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் அல்ல. மக்காவுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர்களில் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். என் வீட்டுப் படியையும் அவர் மிதித்தே ஆக வேண்டும்.

பஸால் என் கணவர் அஹ்ஸனுக்கு ஒன்றுவிட்ட காக்கா, அண்ணன் முறை. கல்முனையில் கார் விற்கிறார், அதோடு சேர்த்து கராஜும் வைத்திருக்கிறார். சொந்தக்காரர் என்று நம்பி, ஜப்பானில் ஓடி வந்த ஹைபிரிட் கார் ஒன்றை அவரிடம்தான் வாங்கினேன். பின்சீற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பற்றரிக்கு இரண்டு வருஷ வொரண்டி. நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் எனக்கு எட்டுத் தறி ஓடுகிறது. நெய்து முடித்த பருத்திச் சாறிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு அறுகம்பே வரைக்கும் நானே ஓட்டிப்போய்க் கொடுப்பேன். கார் நின்றால் என் வியாபாரமும் நின்றுவிடும்.

வொரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அக்கரைப்பற்றைத் தாண்டியதும் சிவப்பு முக்கோண லைற் எரிந்தது. இழுக்கமாட்டாமல் இழுத்துக்கொண்டு வந்து பஸாலின் கராஜில் விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து ஒரு பில்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பற்றரிக்குக் காற்றுப் போகிற வழியில் இருக்கும் பில்டராம். அது முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு அப்பியிருந்தது.

“பாருங்க. உங்கட சாறிப் பஞ்சு. காத்துப் போகாம பற்றரி வெந்து போயித்து. இதுக்கு வொரண்டி இல்ல.”

“மச்சான், நான் சாறியெல்லாம் பொலித்தீன்ல சுத்தித்தானே ஏத்துற?”

அவர் சிரித்தார். கார் பார்க்க வந்திருந்த நாலைந்து பேர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, “இது கார் புள்ள, தறிக்கொட்டில் இல்ல” என்றார். சீமெந்துக் கடைக் கச்சிமுகம்மது ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். பஸால் விட்டாரா? பில்டரிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிய்த்து என் கையில் வைத்தார். “உங்கட வீட்டுச் சாமான், கொண்டு போங்க.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தப் பஞ்சை அவர் முகத்தில் எறியத்தான் நினைத்தேன். கை என்னவோ அதைக் கைப்பையில் வைத்துவிட்டது.

அடுத்த நாள் பெரியநீலாவணைத் தனுசனிடம் போனேன். சின்னக் கராஜ்தான், ஆனால் பொய் சொல்லமாட்டான். கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, பற்றரிக்குள்ள ரெண்டு செல் செத்துப் போச்சு. வயசு போன பற்றரி. உங்கட பிழை ஒண்டும் இல்ல” என்றான். பில்டரையும் கழற்றிக் காட்டினான். கொஞ்சம் கடல் மணல் இருந்தது, அவ்வளவுதான். சொன்னதைக் கடிதமாகவும் எழுதித் தந்தான்.

அட்டாளைச்சேனையில் இன்னொரு கராஜ்காரர் பற்றரியில் ஒரு குறையும் இல்லை, வயர்தான் பிழை என்று சொல்லி லைற்றை அணைத்துவிட்டார். இரண்டு நாளில் அது திரும்பவும் எரிந்தது.

தனுசனின் கடிதத்தை பஸாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாசிக்கக்கூட இல்லை. “பஞ்சத் துடைச்சிட்டு இந்தக் கதை கதைக்கான். வெளியில ஆள் கை வெச்ச காருக்கு வொரண்டி எப்பிடிப் புள்ள தாற?” என்றார். வீட்டுக்கு வந்தால் என் கணவர், “சொந்தத்துக்குள்ள சண்டை வேணாம், விடுங்க” என்கிறார். அன்று அவருக்கு வெறும் தேத்தண்ணிதான் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் கைப்பையைக் கொட்டியபோது அந்தப் பஞ்சு விழுந்தது. விரலால் உருட்டிப் பார்த்தேன். வழுக்கியது. இருபது வருஷம் நூலோடு புழங்கிய விரல் இது. குசினிக்குப் போய் நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பிடித்தேன். பருத்தி என்றால் கடதாசி மணத்தோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாக வேண்டும். இது சுருங்கி, உருகி, மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாகிக் கல்லாக இறுகியது. பொலியெஸ்டர். என் வீட்டில் ஒரு முழம் பொலியெஸ்டர் நூல் கிடையாது. மருதமுனைக்காரியிடம் வந்து பஞ்சில் பொய் சொல்லியிருக்கிறார் இந்த மனிசன்!

அப்போதே ஓடிப்போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் என்னை அவமானப்படுத்தியவருக்கு, நாலு பேருக்கு முன்னால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். உம்றாச் செய்தி வந்தது. மிச்சமாயிருந்த பஞ்சைப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

வொரண்டி முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். பஸால், அவர் மனைவி சுபைறா, கூடப் போகிற கச்சிமுகம்மது ஹாஜியார். ஹாஜியாரையும் அல்லாஹ் அனுப்பிவைத்தது எனக்குக் கூடுதல் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வட்டிலப்பம் பரிமாறினேன். பஸால் தொண்டையைச் செருமினார்.

“தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சு ஹலாலாக்கி விடுங்க.”

என் கணவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “தெரியாமச் செஞ்சதெல்லாத்தையும் மன்னிச்சிட்டன் மச்சான். தெரிஞ்சு செஞ்சது ஒண்டு கிடக்கு.”

ஒரு பீங்கானில் என் தறி நூலையும் அவர் தந்த பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் கொளுத்தினேன். நூல் சாம்பலானது. பஞ்சு உருகிக் கறுப்பு உருண்டையானது. அங்கே இருந்த பெண்களில் பாதிப்பேர் தறிக்காரிகள். யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது நீங்க என்ட கையில வெச்சது, மச்சான். ‘உங்கட வீட்டுச் சாமான்’ எண்டு சொன்ன. ஹாஜியார், நீங்களும் நிண்டீங்கதானே? சிரிச்சீங்களே, ஞாபகம் இரிக்கா?”

ஹாஜியார் வட்டிலப்பத்தைக் கீழே வைத்தார். சுபைறா மதினி புருஷனின் முகத்தையே பார்த்தார். “அது எந்தக் காருட பில்டர்? சொல்லுங்க. மக்காவுக்குப் போற வாய்.”

பஸால் பீங்கானில் கிடந்த கறுப்பு உருண்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “கராஜ்ல கிடந்த பழசு ஒண்டு” என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“கேக்கல்ல மச்சான். அண்டைக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்ன?”

திரும்பவும் சொன்னார், சத்தமாக. அந்தச் சத்தம் என் வயிற்றில் பால் வார்த்தது. பொய் சொல்லமாட்டேன், அவர் நெற்றி வேர்க்க வேர்க்க எனக்கு இனித்தது.

“ஹலாலாக்கி விடுங்க றுமானா. இந்தப் பாரத்தோட நான் எப்பிடிக் கஃபாவுக்கு முன்னால நிக்கிற?”

“முதல்ல பற்றரிய மாத்துங்க. மன்னிக்கிறதப் பத்திப் பிறகு கதைப்பம்.”

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து புதுப் பற்றரி வந்தது. தனுசனை பஸாலின் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தித்தான் அதைக் காரில் பூட்டவைத்தேன். சிவப்பு லைற் அணைந்தது. அன்றே பொத்துவில் வரை ஓட்டிப்போய் வந்தேன்.

அடுத்த கிழமை சாறி அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பஸால்தான். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம் கேட்டது.

“றுமானா, இஹ்றாம் உடுப்பும் கட்டிட்டன். பிளேனுக்குக் கூப்பிடுறாங்க. பற்றரி எப்பிடி?”

“சோக்கா ஓடுது, மச்சான்.”

“அப்ப என்ன மன்னிச்சிட்டீங்கதானே?”

என் கணவர் வாசலில் நின்று, சொல்லு சொல்லு என்று கைகாட்டினார். ஒரு சொல்தான், சொல்லியிருக்கலாம். இதற்காக அல்லாஹ் என்னையும் ஒருநாள் கேட்பான். கேட்கட்டும்.

“இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்திட்டுச் சொல்றன், மச்சான்” என்று சொல்லிவிட்டு, ஸலாம் கூறிப் போனை வைத்தேன்.