ஜெயமேரி வீட்டு மேகமும் செல்லப்பாண்டி வீட்டு மேகமும்

கெங்குவார்பட்டியில் ஜெயமேரி வீட்டு ஓட்டுக்கு மேல் ஒரு மேகமும், பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியின் மாடிக்கு மேல் இன்னொரு மேகமும் வந்து நின்றது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஐப்பசியில். அந்த வாரம் தேனி சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கியவை திரும்பிப் போகவில்லை. பத்து நாள் தெருவே அண்ணாந்து பார்த்தது. பிறகு கழுத்து வலித்ததால் விட்டுவிட்டது.

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் குணம் வேறு. ஜெயமேரியின் மேகம் எதை எறிந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். கேட்டால் கொடுத்தது கொடுத்தபடி இறங்கும். அவள் கழுவாமல் எறிந்த டிபன் பாக்ஸ் மூன்று வருஷம் கழித்துக் கழுவாமலே வந்தது, சாம்பார் சூடு ஆறவில்லை. செல்லப்பாண்டியின் மேகம் எதையும் வைத்துக்கொள்ளாது, வேலை பார்க்கும். தோப்பு மாங்காயை எறிந்தால் தரம் பிரித்து இறக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் மறந்துவிடும். அவர் மனைவி ஹேமாவதி கல்யாணப் பட்டுச்சேலையை எறிந்து ரவிக்கை தைக்கச் சொன்னாள். நான்கு ரவிக்கை வந்தது, சேலை வரவில்லை. முதல் மேகத்துக்கு மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். இரண்டாவது, பார்த்த வேலைக்குத் தக்கபடி குடிக்கும்; மாம்பழ சீசனில் செல்லப்பாண்டி லாரித் தண்ணீர் இறக்கினார். காற்று நின்றுபோன நாளில் இரண்டும் யாருக்கும் எட்டாது.

ஜெயமேரியின் மகள் அனிதா மேரி பெரியகுளத்தில் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். அவள் தலைப்பாடாகச் சொன்னாள்.

“போன்லயும் இதே ரெண்டுதாம்மா. போட்டோவ வச்சிருக்கது ஒண்ணு. மலையாளத்துல வந்த மெசேஜத் தமிழாக்கித் தருது பாரு, அது வேல பாக்குறது. வச்சிருக்கதுட்டப் போயி வேல சொல்லாத.”

“ரெண்டும் வானத்துலதான தொங்குது. போயி ஒஞ் சோலியப் பாரு.”

இரண்டாயிரத்து இருபத்து நான்கில் அனிதாவுக்கு ராயப்பன்பட்டி ஆண்டனி ராஜைப் பேசி முடித்தார்கள். பெண்ணுக்கு இருபத்தெட்டு என்று ஜெயமேரி சொல்லியிருந்தாள். தெருவுக்கு உண்மை தெரியும், தெரு நாகரிகமாக இருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஞானஸ்நானச் சான்று கைக்கு வராமல் மூன்றாவது கிடையாது, கல்யாணமும் கிடையாது என்றார் பங்குச்சாமியார். அனிதாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது மலைக்கு அந்தப்பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக் கோயிலில். அங்கே பதிவேட்டைக் கரையான் தின்று பல வருஷம் ஆகிறது. இருந்தது அன்றைக்குக் கொடுத்த ஒரே ஒரு சான்றுத் தாள். அதில் உள்ள பிறந்த தேதிப்படி வயது முப்பத்தொன்று.

ஜெயமேரி தன் மேகத்திடம் தாளைக் கொடுத்து மூன்று வருஷம் குறைக்கச் சொன்னாள். தாள் அப்படியே வந்தது. மறுபடி எறிந்தாள், மறுபடியும் அப்படியே. மூன்றாவது தரம் மேகத்தைத் திட்டிக்கொண்டே எறிந்தாள். வந்த தாளில் ஒரு மடிப்புக்கூட மாறவில்லை. சனிக்கிழமை காலை அதை ஒரு கவரில் போட்டுச் செல்லப்பாண்டியின் மாடி ஏறினாள். மாப்பிள்ளையின் பயோடேட்டாவும் அதே கவரில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வயதைச் சரிபண்ணு என்று சொல்லிக் கவரை எறிந்தாள். மேகம் எட்டுக் குடம் தண்ணீர் குடித்தது. பிறகு ஒரு துண்டுச்சீட்டு இறங்கியது: பெண்ணுக்கு முப்பத்தொன்று, மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து. மாப்பிள்ளைக்கும் முப்பத்தொன்று என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பயோடேட்டாவில் இரண்டாயிரத்து ஐந்தில் பத்தாவது பாஸ் என்று எழுதியிருந்தது. மேகம் கணக்குப் போட்டுவிட்டது.

“எம் பேப்பரு எங்கண்ணே?”

“அது சோலிய முடிச்சிருச்சுல்ல ஆத்தா,” என்றார் செல்லப்பாண்டி. “எங்க வீட்டுக்காரி சேல போன எடத்துக்குப் போயிருக்கும்.”

ஜெயமேரி மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டு அனிதா ஏறி வந்து சீட்டை ஒரு தரம் படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“நம்ம மேகத்துட்டக் கேளும்மா. அதுல ஒருக்காப் போட்டா எத்தன தரம் எடுத்தாலும் அங்கனயேதான் கெடக்கும்.”

கேட்டார்கள். மேகம் அசையவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது; மூன்று தரம் எறிந்ததில் மிச்ச ஈரமும் தீர்ந்திருந்தது. தெருக்குழாயும் வரவில்லை. ஹேமாவதிதான் இரண்டு குடம் கொண்டுவந்தாள்.

“கொடம் திரும்பி வரணும் மதினி. எஞ் சேல மாதிரி ஆக்கிராதீக.”

ஊற்றிய கொஞ்ச நேரத்தில் தாள் விழுந்தது, பிறந்த தேதி ஒரு புள்ளி மாறாமல். அம்மா கை படுமுன் அனிதா அதைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

சாயந்தரமே சேதி ராயப்பன்பட்டிக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் தாய் போன் செய்தாள்.

“பொண்ணுக்கு மூணு வயசு கொறச்சிருக்கீகளே சம்பந்தி?”

ஜெயமேரி போனை அனிதா பக்கம் நீட்டினாள். அனிதா அதை வாங்காமல் துண்டுச்சீட்டை எடுத்து அம்மா மடியில் போட்டாள். ஜெயமேரி அதைப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள்.

“ஒங்க மகன் பன்னெண்டு வயசுலயே பத்தாவது பாஸ் பண்ணாகளா சம்பந்தி?”

அந்தப் பக்கம் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது கோயிலில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது. இருமல் தடையில் சேராது.

கல்யாணத்துக்கு நாற்பது கிலோ வெங்காயத்தைச் செல்லப்பாண்டியின் மேகம் அரிந்து கொடுத்தது. மறுநாள் கேட்டால் என்ன வெங்காயம் என்பதுபோல் நின்றது. மிஞ்சிய பிரியாணியை ஜெயமேரி தன் மேகத்தில் போட்டு வைத்திருக்கிறாள். இன்றைக்கும் சூடாகத்தான் இருக்கிறது. உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்; அதை அந்த மேகம் சரிசெய்யாது.