கடைசியில்தான் ஏறுவேன்

ஆறு பேண்டு, ஒரே மேடை, ஒரே டிக்கெட் என்று ராபர்ட்சன்பேட்டைச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறில் ஒன்று அவளுடைய பேண்டு. இன்னொன்றில் லாய்ட் கிதார் வாசித்தான். அவள் பேண்டில் இருந்தவன், எட்டு மாதத்துக்கு முன்னால் அவளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் பெங்களூர்க்காரர்களோடு போய்ச் சேர்ந்தவன்.

போனவன் வெறுங்கையோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அவள் எழுதி மெட்டுப்போட்ட துப்பட்டா பாட்டையும் சுருட்டிக்கொண்டு போனான். விடியற்காலைப் பெங்களூர் ரயிலைப் பற்றிய பாட்டு அது. வண்டி புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறுகிற பெண்கள், வழியில் ஏறப்போகிற தோழிகளுக்காக சீட்டில் துப்பட்டாவை விரித்து வைப்பார்கள். அதன்மேல் எவனும் உட்கார மாட்டான்; உட்கார்ந்தால் பங்காருபேட்டை வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோரமண்டலில் ஏறும் இந்துவுக்காகப் பியூலா ஆறு வருஷமாகத் துப்பட்டா போடுகிறாள். இருவருக்கும் ஒரே கார்மெண்ட்ஸில் வேலை. பாட்டே இந்துவுக்காக எழுதியதுதான். ஆனால் அவளிடம் இன்னும் பாடிக் காட்டவில்லை. ஊரைக் கூட்டி வைத்து, மேடையில் நின்று, இது என் பாட்டு, இது உனக்கு என்று சொல்லித்தான் பாடுவது என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. கச்சேரியை நடத்தும் திலீப் இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நீங்க முதல்ல ஏறிடுங்க, நாலு மணிக்கு. நம்ம ஜனம் மொத்தமும் அப்பதான் இருக்கும்."

"லாய்ட் எப்ப?"

"ஆறு மணிக்கு."

"அவன் வர்றதுக்கு மேடையைப் பெருக்கி வெக்கிற ஆளா நானு? பெரிய பேண்டுதான் கடைசில ஏறும். எனக்குக் கடைசி இடத்தைக் குடு. இல்லன்னா போஸ்டர்ல என் பேரை அடிச்சிடு."

அவள் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் சுந்தரராஜ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "முதல்ல பாடினவங்களுதுதான் பாட்டுன்னு ஆயிடும், பியூலா," என்றான்.

"அவன் பாடிட்டுப் போகட்டும். அப்புறம் நான் பாடுறேன். எது அசலு, எது நகலுன்னு ஜனமே சொல்லும்."

திலீப்புக்குக் கசக்கவா செய்யும்? கடைசியில் ஏற வேண்டிய இன்னொரு பெங்களூர் பேண்டு சீக்கிரம் ஊர் திரும்பவேண்டும் என்று அவனைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. உடனே மாற்றி எழுதிக்கொண்டு போய்விட்டான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்களே, அந்த ரகம் பியூலா.

இப்படிப் பல பேண்டு சேர்ந்த கச்சேரியில் ஒரு நன்மை உண்டு. நம்மைக் கேட்க நூறு பேர்கூட வரமாட்டார்கள். ஆறு பேரைக் கேட்க இரண்டாயிரம் பேர் வருவார்கள், அடுத்தவனுக்கு வந்த கூட்டம் நமக்கும் காது கொடுக்கும். அந்த ஆசையில்தான் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். இருபது நிமிஷம் பாட, அரைமணி நேரம் ஒயரை மாற்றுகிறார்கள். ஒருவன் சரிசெய்துவிட்டுப் போன மைக்கை அடுத்தவன் கெடுக்கிறான். ஜனத்துக்கோ யார் எதைப் பாடினார்கள் என்று வீட்டுக்குப் போனால் ஞாபகம் இருப்பதில்லை. மனதில் ஒட்டிக்கொண்ட ஒரு பாட்டை, பிடித்த முகத்தின் பேரில் எழுதிவிடுகிறார்கள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேடைக்குப் பின்னால் லாய்ட் எதிரே வந்தான்.

"துப்பட்டா பாட்டைத் தொடாத," என்றாள் பியூலா.

"டியூன்ல பாதி என்னுது."

"பாதியா? நீ கிதார்ல வாசிச்சது நாலே நாலு கார்டு."

"அந்த நாலு கார்டு இல்லாம பாடிப் பாரேன்," என்று சொல்லிவிட்டு மேடை ஏறினான்.

மூன்றாவதாக அதைத்தான் எடுத்தான். வேகத்தைக் கூட்டிக் காதல் பாட்டாக ஆக்கியிருந்தான். மைதானம் எழுந்து ஆடியது. முன்வரிசையில் இந்து, துப்பட்டாவைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஆடினாள். பியூலாவுக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது. ஆடுடி ஆடு, எட்டு மணிக்கு நான் ஏறும்போது தெரியும் உனக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏழரைக்கு இந்து மேடை ஓரமாக வந்தாள்.

"நான் கிளம்புறேன்டி. காலைல வண்டி இருக்குல்ல? போய் சோறாக்கிட்டுப் படுக்கணும்."

"இன்னும் அரை மணி நேரம்தான், இந்து. ஒரே ஒரு பாட்டு."

"மூணரைக்கு எழுந்திருக்கணும்டி. நீ பாடுறத எப்ப வேணா கேட்டுக்கலாம்."

அவள் மட்டும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் அந்த வண்டியில் போகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குமேல் இங்கே யார் வெளியே நிற்பார்கள்? அரைமணி நேரத்தில் மைதானம் காலியாகிவிட்டது. பெங்களூரில்தான் கடைசி ஆள் பெரிய ஆள். ஆறு வருஷமாக மூன்றரைக்கு எழுந்து ஓடுகிற பியூலாவுக்கு இது தெரியாதா? தெரியும். வீம்பு கண்ணை மறைத்துவிட்டது.

எட்டு மணிக்கு ஏறினாள். சுந்தரராஜின் சம்சாரம், பிள்ளைகள், ஒயர் சுற்றுகிறவர்கள் என்று நாற்பது பேர் இருந்தால் அதிகம். இது என் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தவள், காலி நாற்காலிகளைப் பார்த்து அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமலே பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். ஒயர் சுற்றியவன் ஒருவன் கைதட்டினான்.

திங்கட்கிழமை காலை கோரமண்டலில் இந்து ஏறினாள். சீட்டில் விரித்திருந்த துப்பட்டாவை எடுத்துப் பியூலாவிடம் கொடுத்துவிட்டு, உட்காரும்போதே பாடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"துப்பட்டா போட்டு வெச்சா எனக்கொரு இடம்..."

எதிர் சீட்டு ஷோபாவும் சேர்ந்துகொண்டாள். பின்னால் இன்னும் இரண்டு குரல்.

பியூலாவால் பொறுக்க முடியவில்லை.

"போட்டு வெச்சா இல்ல, போட்டு வெச்சேன். போட்டு வெச்சேன் உனக்கொரு இடம். அதான் சரியான வரி. அது நான் எழுதினது, இந்து. உனக்காக எழுதினது."

இந்து பாட்டை நிறுத்திவிட்டு ஷோபாவைப் பார்த்தாள். ஷோபா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"லாய்ட் மேல உனக்கு எவ்ளோ காண்டுன்னு ஊருக்கே தெரியும்டி," என்றாள் இந்து, தோழிக்குப் புத்தி சொல்கிற பாவனையில். "அதுக்குன்னு அவன் பாட்டையுமா உன்னுதுன்னு சொல்லுவ?"

எட்டு மாதமாகப் பியூலா லாய்டைத் திட்டாத நாளில்லை, அதையெல்லாம் இந்த சீட்டில் உட்கார்ந்துதான் திட்டியிருக்கிறாள். இப்போது எதைச் சொன்னாலும் அதோடுதான் சேரும். துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டியில் பாதிப்பேருக்குப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது.