அப்பா, அன்னைக்கு நான்…

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. என் தம்பி கேட்டு எழுதுவது. அவன் கேட்டதும் கதை அல்ல, ஒரு வாக்கியத்தின் மறுபாதி. “நீதான் இத்தனை வருஷமா எழுதுறியேண்ணா. யார் யாரோ என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுது. பாப்பா என்ன சொல்ல வந்துச்சுன்னு எழுதிக் குடு” என்றான்.

பாப்பா அவனுடைய மகள். முப்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான். அவளையே கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். [எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் சிறியவர்களைக் கேள்வி கேட்பது தப்பைக் கண்டுபிடிக்க. மற்றதைக் கேட்டுப் பழக்கமில்லை.]

குடும்பத்தின் பெயர் எங்கும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். பாப்பா இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொன்னதும் நான்தான். மானம் மரியாதையோடு வாழ்ந்த குடும்பம். அப்படிச் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பெரும்பாலும்.

2

முதல் தொடக்கம்: “மழை விட்டிருந்த ஒரு காலையில் கால்நடை மருத்துவர் ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு…” அடித்துவிட்டேன். அன்று மழையே பெய்யவில்லை.

இரண்டாவது: “மனச்சோர்வு என்பது சோம்பல் அல்ல, அது…” இது கட்டுரையாகிவிடும். தவிர, அதைச் சோம்பல் என்று முதலில் சொன்னவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது: “மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.” இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன். இனிமேல் தம்பி என்று எழுதினால் என் கை தானாகவே அவனைக் காப்பாற்றப் பார்க்கும். ஆகவே ‘அவர்’.

3

மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். மனநல மருத்துவரின் அறை அது. மேசையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“கீட்டமினா? அது குதிரைக்குப் போடுற மருந்தாச்சே டாக்டர். நானே போட்டிருக்கேன்.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. மனிதர்களுக்கும் அது நெடுங்காலமாக மயக்க மருந்துதான் என்றார். இங்கே கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. வேறு இரண்டு மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தும் பாப்பா எழுந்திருக்கவில்லை, அதனால்தான் இது.

பாப்பாவுக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று கால அட்டவணை போடுபவள். முதலில் போனை எடுப்பதை நிறுத்தினாள். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை. கடைசியில் வேலைக்குப் போவதையும் நிறுத்திச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அவளுடைய தொழிலைக் கேட்டுக்கொண்டு டாக்டரம்மா அந்த வழியிலேயே விளக்கினார். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று ஓயாமல் தொடர்பில் இருக்கின்றன. மனச்சோர்வு வந்தால், தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் பகுதிகள் தங்களுக்குள்ளேயே அளவுக்கு மீறிப் பேசிக்கொள்வதும், மற்ற இடங்களோடு போக்குவரத்து குறைந்துபோவதும் பலரிடம் தெரிகிறது.*

“அப்ப எனக்கு டிப்போவும் டிப்போவும் மட்டும் பேசிக்குது. ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கு பஸ்ஸே வரல” என்றாள் பாப்பா. எத்தனையோ மாதம் கழித்து அவள் சொன்ன முதல் வேடிக்கை. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

இந்த மருந்து சில நாட்களுக்கு மண்ணை இளக்கிக் கொடுக்கும், புதுப் பாதை போட அதுதான் நேரம் என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி ஒன்று சொன்னார். அவர் காதில் அது விழவில்லை. மகளின் எடைக்கு எத்தனை மில்லிகிராம், குதிரைக்கு எத்தனை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபத்தில்லாத அளவுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தலையாட்டினார். தான் சொன்னதற்குத்தான் தலையாட்டுகிறார் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

* பலரைப் படமெடுத்துச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்ததுதான் இது. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை என்றும், ஒருவருடைய படத்தைப் பார்த்து அவருடைய துக்கம் இன்னதென்று சொல்ல முடியாது என்றும் டாக்டரம்மாவே சொன்னார். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். வீட்டு விஷயம் படத்தில் வந்துவிடாது.

4

இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அவர் நல்ல அப்பாவாகவே வருகிறார். அதுதான் சிக்கல், அவர் நல்ல அப்பாதான்.

சாய்வு நாற்காலி, பாதி இழுத்த திரை, கையில் சொட்டு ஊசி. மருந்து ஏற ஏற பாப்பாவின் கண்கள் திறந்தபடியே நிலைத்தன. பார்வை மட்டும் அங்கே இல்லை. நர்ஸுக்கு அது வழக்கம். அவருக்கும் வழக்கம்தான். பூனை, நாய், குதிரைக்குட்டி என்று ஆயுள் முழுக்க அந்தக் கண்களைப் பார்த்தவர். இந்த மருந்திலிருந்து திரும்பி வரும் பிராணிக்கு இருட்டு வேண்டும், சத்தம் கூடாது. ஒரு கதவு அடித்துக்கொண்டால் போதும், மிரண்டு எழுந்து காலை முறித்துக்கொள்ளும். பேசிக்கொண்டு நின்ற உரிமையாளர்களையே கொட்டகைக்கு வெளியே விரட்டியவர் அவர்.

திரையை முழுக்க இழுத்து மூடினார். தோளில் கிடந்த துண்டை மடித்து மகளின் கண்மேல் போட்டார். அவங்க முழிச்சுதான் சார் இருக்காங்க என்றாள் நர்ஸ். எனக்குத் தெரியும்மா என்றார்.

மருந்து முடிந்து கொஞ்ச நேரத்தில் பாப்பாவின் விரல்கள் அசைந்தன. அவளே துண்டை எடுத்தாள். திரும்பினாள். சுவரை அல்ல, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா.” குரல் தெளிவாக இருந்தது. “அப்பா, அன்னைக்கு நான்…”

அவர் கை தானாகப் போய் அவள் நெற்றியில் உட்கார்ந்தது.

“ஷ்ஷ். பேசாத கண்ணு. அப்படியே படு. எல்லாம் அப்புறம்.”

அந்தக் குரலில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எத்தனையோ குதிரைகள் அதற்கு அடங்கியிருக்கின்றன. அவளும் அடங்கினாள்.

டாக்டரம்மா வந்து, ஏதாவது பேசினாளா என்று கேட்டார். இல்லை, ரொம்ப அமைதியா இருந்தா என்று அவர் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா ஒரு நொடி அவரையே பார்த்தார்.

“பேச வந்தா விடுங்க சார். உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே.”

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது காதில் விழாதது இப்போதுதான் விழுந்தது.

5

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், நல்லதுதான் நடந்தது. அடுத்தடுத்த தடவை அவர் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். நாற்காலியை ஒட்டி உட்கார்ந்து மூச்சுவிடவும் பயந்து காத்திருந்தார். பாப்பா திரும்பி வந்தாள், சிரித்தாள், தண்ணீர் கேட்டாள். இப்போது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வேலைக்கு அரைநாள் போகிறாள். இடுப்பு வலி நன்றாகக் குறைந்துவிட்டது என்று நானும் நாலு பேரிடம் சொல்லியாயிற்று.

அந்த வாக்கியம் மட்டும் வரவில்லை.

தம்பிக்காக நான் எழுதிப் பார்த்த மறுபாதிகள்:

“அப்பா, அன்னைக்கு நான் போனை எடுக்காதது வேணும்னு இல்ல.” இருக்கலாம். ஆனால் இதைச் சொல்லவா அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வந்தாள்?

“அப்பா, அன்னைக்கு நான் உங்களை எதிர்த்துப் பேசினது தப்பு.” எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குடும்பத்துக்கு ஏற்றது.

“அப்பா, அன்னைக்கு நான் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பி, பாலத்துல பாதி தூரம் போய்…”

இதை முடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும்

6

பாப்பா இதைப் படித்துவிட்டாள். நான்தான் கொடுத்தேன், அவள் மானமும் இதில் இருக்கிறதே. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கால அட்டவணை திருத்துகிறவள் போலப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். துண்டு வந்த இடத்தில் சிரித்தாள்.

“அந்தத் துண்டுல மாட்டுக் கொட்டகை வாசனை பெரியப்பா. அதை விட்டுட்டீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து மயக்கத்தில் எல்லாம் மறந்திருக்கும் என்று தம்பியைத் தேற்றி வைத்திருந்தேன். அவளுக்கு வாசனைகூட நினைவிருக்கிறது.

அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். “இந்த மூணாவதை ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?”

“கதைக்குப் பொருந்தலம்மா.”

“பொருந்தலையா, புடிக்கலையா?”

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

“முதல் ரெண்டும் நீங்க தாங்கிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. அவ்வளவுதான்” என்றாள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

பேனாவை அவள் பக்கம் நீட்டினேன். நீயே முடித்துக் கொடு என்றேன். அவள் வாங்கவில்லை.

“எழுதிக் குடுக்க மாட்டேன் பெரியப்பா. கேட்டா சொல்லுவேன்.”

யார் கேட்டால் என்று சொல்லவில்லை. அவளே நேரம் குறித்த பேருந்து ஒன்று இருந்தது. அதைப் பிடிக்கப் போய்விட்டாள். நானும் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன்; எனக்கும் வாய் இருந்தது.

7

நாளை மறுபடி மருந்து. தம்பி தாளை வாங்கிப்போக வந்துவிட்டான். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. முடிச்சிட்டியாண்ணா என்பான்.

ஒரு முடிவில், நான் அந்த இரண்டாவது மறுபாதியைக் கொடுக்கிறேன். அவன் படித்து, அடப்பாவமே இதுக்குத்தானா என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நன்றாகத் தூங்குகிறான்.

இன்னொன்றில், “அவளைக் கேளுடா” என்கிறேன். இரண்டே சொல். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் யாரிடமும் சொல்லாதவை.

எதைச் செய்வேன் என்று எழுதப்போவதில்லை. வாக்கியத்தை அது நின்ற இடத்திலேயே விடுகிறேன். படிக்கிற நீங்கள் முடிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருப்பார்கள். முடியும் வரை அவர்கள் நெற்றியில் கை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

“அப்பா, அன்னைக்கு நான்