கூரை முடியும் இடம்

வெர்லன் டீக் சட்டத்தை மதிக்கிறவன். டார்சி பர்ச்சமைக் கொல்வது என்று முடிவு செய்த அன்றைக்கே, அதைச் சட்டப்படிதான் செய்வது என்றும் முடிவு செய்துகொண்டான். எங்கள் பின்ஹூக்கில் அவனைப் போலப் பொறுமைசாலி வேறு யாரும் கிடையாது. மற்றவர்கள் முதலில் சுட்டுவிட்டு அப்புறம்தான் வக்கீலைத் தேடுவார்கள்.

காரணம் சின்னதுதான். தேவாலயத்துத் திடலில் வருஷா வருஷம் பன்றி விலா வாட்டும் போட்டி நடக்கும். அந்த வருஷம் டார்சி நடுவர். வெர்லன் வாட்டிய விலாவை ஒரு கடி கடித்தான், கொஞ்சம் யோசித்தான், மிச்சத்தைத் தன் நாய்க்குப் போட்டான். நாய் முகர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் மண்ணைப் பறித்து, விலாவை உள்ளே தள்ளி மூடிவிட்டு நகர்ந்தது. ஊரே சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்கப் போய், குடித்துக்கொண்டிருந்த தேநீர் அவர் மூக்கு வழியாக வந்தது.

"துப்பியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்று வெர்லன் என்னிடம் சொன்னான். "புதைச்சிடுச்சுப்பா. செத்தவனப் புதைக்கிற மாதிரி புதைச்சிடுச்சு."

நாயைக் கொல்வது அவனுக்கு அநியாயமாகப் பட்டது. நாய் தன் மனசில் பட்டதைத்தானே செய்தது.

அப்போதெல்லாம் எங்கள் மாநிலச் சட்டம் கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளது. ஒருவன் உன்னைத் தாக்க வந்தால், ஓட வழி இருக்கும்வரை நீ ஓட வேண்டும். வழி அடைபட்ட பிறகுதான் சுடலாம். இதற்குப் 'பின்வாங்கும் கடமை' என்று பெயர். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் லாமர் ஸ்வோப் தேர்தலுக்கு முன்னால் ஊருக்கு வந்து கெளுத்தி மீன் பொரித்துப் போட்டபோது, வெர்லன் தட்டோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"பின்வாங்குன்னு சட்டம் சொல்லுது ஸ்வோப். எங்கே பின்வாங்குறது? எங்க வீட்டுக்குப் பின்னாடி கக்கூஸ் தொட்டிதான் இருக்கு."

"யாராவது உங்களத் தாக்க வராங்களா?"

"இன்னும் வரல. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஸ்வோப் விரலில் இருந்த எண்ணெயை நக்கிக்கொண்டு யோசித்தார். குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே புதுச் சட்டம் வந்துவிட்டது. சொந்த வீட்டில் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. அழைக்காமல் உள்ளே வந்தவன் கொல்லத்தான் வந்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். நிஜமாகவே பயந்தாயா என்று எந்த நீதிபதியும் கேட்கக் கூடாது. வீடு என்றால் எது? கூரை போட்டு, வீட்டோடு ஒட்டியிருக்கும் எதுவும் வீடுதான், தாழ்வாரமும் சேர்த்தி.

வெர்லன் துப்பாக்கியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தான். டார்சி வரவில்லை. வருவதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அவன் வீடு வெர்லன் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து சாலைக்கு வர, வெர்லன் நிலத்தின் ஓரமாக ஒரு வண்டித்தடம் உண்டு. பாட்டன் காலத்துப் பழக்கம். எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது. டார்சி தினமும் அதில் நடந்து போவான். போகும்போது தொப்பியைத் தொட்டு மரியாதையாக வணக்கம் வேறு சொல்வான். தாழ்வாரத்துக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவில் ஒரு சோளக்காடே இருந்தது.

ஆள் தாழ்வாரத்துக்கு வராவிட்டால் தாழ்வாரம்தான் ஆளிடம் போக வேண்டும். வெர்லன் மரத்தை அறுக்க ஆரம்பித்தான்.

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. நம்பாவிட்டால் எங்கள் ஊர்க் கல்லறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தத் தாழ்வாரம் சோளக்காட்டைத் தாண்டியது, பீக்கன் மரத்தைச் சுற்றி வளைந்தது, ஓடையின் மேல் பாலமாகப் போனது. தகரக் கூரையின் மேற்கு முனையில் மழை கொட்டும்போது கிழக்கு முனையில் துணி காயப் போடுவார்கள். தபால்காரி வாசலில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு மறுமுனைக்கு நடந்து வந்து சேர்ந்தபோது, அந்தக் கடிதத்துக்குப் பதிலே வந்து காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் கூரை அந்த வண்டித்தடத்தை முழுசாக மூடி நின்றது.

டார்சி மறுநாள் காலையில் வந்து கூரை விளிம்பில் நின்றான்.

"வெர்லன், இது என்ன?"

"என் வீடு."

"இது பாத."

"மேல கூரை இருக்குல்ல?"

"சுவரு எங்க?"

"சட்டம் சுவரு கேக்கல டார்சி. உள்ள வந்து பாரேன்."

டார்சி வரவில்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது சதுப்பு நிலம். ஒரு கோவேறு கழுதையையும், நிலம் அளக்க வந்த ஓர் அதிகாரியையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடாத சதுப்பு. அந்தப் பக்கமும் போக முடியாது. காபித்தூள் தீரும்வரை வீட்டுக்குள்ளேயே கிடந்தான். தீர்ந்ததும் மறுபடி வந்து விளிம்பில் நின்றான். வெர்லன் துப்பாக்கியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் கால் எப்போது உள்ளே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சமையலறை ஜன்னலிலிருந்து ஓமா குரல் கொடுத்தாள். ஓமா வெர்லனின் மனைவி.

"டார்சி, உள்ள வா."

டார்சி உள்ளே வந்தான். வெர்லன் துப்பாக்கியை இறக்க வேண்டியதாயிற்று. டார்சி தாழ்வாரத்தைக் கடந்து சாலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

"எதுக்குடி அவனக் கூப்பிட்ட?"

"வீட்டுக்கு வந்தவங்கள வான்னு சொல்றதில்லையா?"

"அவன் வீட்டுக்கா வந்தான்? கடைக்குப் போறான்."

"உன் வீட்டு வழியாத்தானே போறான். அப்ப விருந்தாளிதான்."

வெர்லன் ஷெரிப் க்ரிக்ஸ்பியிடம் போய் நியாயம் கேட்டான். க்ரிக்ஸ்பி நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "அந்த வீடும் நிலமும் ஓமா அப்பாவோடது. பத்திரம் அவ பேருல இருக்கு. நீ ஒரு பெட்டியோட வந்து சேர்ந்தவன். அவ கூப்பிட்ட ஆளச் சுட்டா நீ ஜெயிலுக்குப் போவ. கூப்பிடாத ஆளச் சுட்டா நான் வந்து உனக்குக் கை குடுத்துட்டுப் போவேன். அவ்வளவுதான் சட்டம்."

ஓமாவுக்கு டார்சி மேல் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பல்வலி மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவுதான். "புதுப் பலகை. ரத்தம் பட்டா போகாது" என்று என் மனைவியிடம் சொன்னாளாம். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் அவள் ஜன்னலுக்கு வந்து கூப்பிடாமல் இருந்ததில்லை. அந்த ஒரு வார்த்தையில் டார்சியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

தெரிந்ததால் நாங்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். அவித்த வேர்க்கடலையும் போகும். கூரை நிழலில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லாததால் எல்லோரும் வெயிலிலேயே உட்கார்ந்தோம்.

"வெர்லன், துப்பாக்கி துரு பிடிக்குதுப்பா. அதுல கோழி முட்டையிடப் போகுது."

"அடுத்த வருஷம் டார்சி வயசாகிச் செத்துருவான். அதுவும் உன் கணக்குதான்னு சொல்லிக்க."

டார்சிக்கும் தைரியம் ஏறிவிட்டது. தாழ்வாரத்தின் நடுவில் நின்று ஷூ நாடாவைக் கட்டுவான். சீப்பை எடுத்துத் தலை வாருவான். உப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போவான்; மிளகை மறந்துவிட்டேன் என்று மறுபடி வருவான். "மிஸ் ஓமா, இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க. உங்க வீட்டுக்காரருக்குக் காது மந்தம்" என்பான். அத்தனை நீளத் தாழ்வாரத்தில் குரல் போய்ச் சேர ஓமா கத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கத்தினாள்.

மாசிக் குளிரில் அவள் தொண்டை கட்டிப் போயிற்று. முதலில் கரகரத்தது, பிறகு கீச்சென்றது, ஒரு நாள் காலையில் ஒன்றுமே வரவில்லை.

அன்றும் டார்சி வந்து விளிம்பில் நின்றான். காற்றில் தகரம் தடதடத்தது. ஓமா ஜன்னலுக்கு ஓடி வந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து வேகவேகமாக ஆட்டினாள். உடம்பே சேர்ந்து ஆடியது. திரும்பிப் போ என்றுதான் ஆட்டினாள்.

டார்சி தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான்.

வெர்லன் அவசரப்படவில்லை. சட்டத்தை மதிக்கிறவன் அல்லவா. ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஏதாவது சொன்னியா ஓமா?"

ஓமாவின் வாயிலிருந்து துருத்திக் காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இல்லன்னுதான் தோணுது" என்றான் வெர்லன்.

டார்சி நின்றான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கைய ஆட்டினாங்க வெர்லன். நீயும் பாத்தல்ல."

"பாத்தேன்."

"பின்ன?"

"ஆட்டினாங்க. கூப்பிடல."

"அப்ப நான் வந்த வழியே பின்னால போயிடறேன்."

"பின்வாங்குற கடமை எல்லாம் இப்ப யாருக்கும் கிடையாது டார்சி" என்றான் வெர்லன். டார்சி திரும்பி இரண்டு எட்டு வைப்பதற்குள் சுட்டான்.

எங்களில் ஒருவரும் கடலை மெல்வதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. க்ரிக்ஸ்பி வந்து நாடா பிடித்து அளந்தார். உடம்பு முழுவதும் கூரைக்குள் கிடந்தது. தொப்பி மட்டும் வெளியே போய் விழுந்திருந்தது. தொப்பியின் சார்பில் யாரும் வழக்குப் போடவில்லை. க்ரிக்ஸ்பி சொன்னபடி வெர்லனுக்குக் கை கொடுத்தார்.

ஆனாலும் விசாரணை என்று ஒன்று இருக்கிறதே. ஓமாவுக்கு அப்போதும் குரல் வரவில்லை.

"அம்மா, நீங்க வான்னு ஆட்டினீங்களா, போன்னு ஆட்டினீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "எப்படி ஆட்டினீங்களோ அப்படியே இங்கே ஆட்டிக் காட்டுங்க."

ஓமா துண்டை எடுத்து ஆட்டினாள். குமாஸ்தா எழுந்து அவளிடம் வந்தார். வாசலில் நின்ற காவலர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். நீதிபதி இருவரையும் திரும்பக் கூப்பிட்டு, எப்படிப் பார்த்தாலும் வார்த்தை என்று ஒன்று சொல்லப்படவில்லை, ஆகவே அழைப்பு இல்லை, ஆகவே குற்றம் இல்லை என்று முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார். ஓமா மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே துண்டோடு நின்றாள்.

எங்கள் மாநிலத்தில் யாராவது அநியாயமாகச் செத்தால் அவர் பெயரில் ஒரு சட்டம் போடுவார்கள். கல்லறையில் கல் நடுகிறார்களோ இல்லையோ, சட்டம் போட்டுவிடுவார்கள். ஸ்வோப் 'டார்சி சட்டம்' எழுத வெர்லன் வீட்டுக்கே வந்தார், அனுபவப்பட்ட ஆளிடம் கேட்டு எழுதலாம் என்று. ஓமா இருவருக்கும் காபி வைத்தாள்.

"இனிமே கை, தலை, துண்டு எதுவும் செல்லாது. அழைப்பு வாயாலதான்" என்றார் ஸ்வோப். "யாரோட வாய்ங்கிறதுதான் சிக்கல். வீட்டுக்காரர்னு போட்டா வக்கீலுங்க பிய்ச்சு எடுத்துடுவாங்க. பத்திரத்துல யாரு பேரோ அவங்கன்னு போட்டாத்தான் நிக்கும்."

"போடு. உள்ள வரவன் யாருன்னு எழுதப் போற?"

"வெளியாள்னு போடலாமா?"

"அப்புறம் எவனாவது வந்து நான் சொந்தக்காரன், நான் பக்கத்து வீடும்பான். எவரும்னு போடு. ஓட்ட எதுவும் வைக்காத."

"ஒரு தடவ கூப்பிட்டா போதுமா?"

"ஒவ்வொரு தடவையும் கூப்பிடணும்."

ஓமா வெர்லனின் காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

கையெழுத்திடும் நாளில் வெர்லன் தலைநகருக்குப் போய் ஆளுநருக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்ட பேனாவை அவனுக்கே கொடுத்தார்கள். டார்சிக்குச் சொந்தம் என்று யாரும் இல்லாததால் குடும்பத்தின் சார்பில் நாயை மேடையில் ஏற்றினார்கள்.

மாலையில் ஸ்வோப்பின் கார் அவனைச் சாலையில் இறக்கிவிட்டுப் போயிற்று. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வானொலியில் சட்டத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, நாற்காலிகளோடும் குடைகளோடும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தோம். வெர்லன் கையில் பேனாவோடு கூரை விளிம்பு வரை வந்தான். அதற்கப்பால் ஓமா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதன் மேல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்லன் காலைத் தூக்கினான். ஓமா தட்டைக் கீழே இறக்கி வைத்தாள். அவன் காலை வெளியிலேயே வைத்தான்.

"என்ன ஓமா இது?"

ஓமா துப்பாக்கியை மடியில் நேராக வைத்தாள்.

"நான் உன் புருஷன்டி."

"எவரும்னு போட்டிருக்கு வெர்லன்" என்றார் க்ரிக்ஸ்பி, குடைக்குள்ளிருந்து. "நீதான் சொன்னியாம். ஸ்வோப் ரேடியோவுல உன்னப் பாராட்டிப் பேசினாரு."

"நீங்க ஷெரிப்தானே. அவகிட்ட சொல்லுங்க."

"அழைப்பு அவ வாயில இருந்துதான் வரணும். என் வாய் செல்லாது."

வெர்லன் மறுபடி அவள் பக்கம் திரும்பினான். சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவன் குரல் இவ்வளவு இறங்கி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஓமா. ஒரு வார்த்ததானே. சொல்லிடு. நனையறேன் பாரு."

ஓமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெளிவாக, சாலைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

"எனக்குத் தொண்ட சரியில்ல."

வெர்லன் எங்களைப் பார்த்தான். நாங்கள் கூரையைப் பார்த்தோம். யாரோ கடலைப் பொட்டலத்தை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள். அவன் அப்படியே நின்றான். மழைக்கு ஒதுங்க வேண்டும் என்று உடம்பு தானாகவே கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். க்ரிக்ஸ்பி குனிந்து அவன் காலடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெர்லன், உன் வலது கால் கட்டைவிரல் உள்ள இருக்கு. சும்மா சொல்லி வெச்சேன்."