மிதித்தும் வராத வண்டி

"டாப்பு போடும்மா. இஞ்சின ஏன் அலற உடற?"

பின் சீட்டிலிருந்து பொன்னுரங்கம் முனகினார். இருபத்தெட்டு வருஷம் கடலூரில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனைவி மடியில் கிடந்தபோதும் காது மட்டும் இஞ்சினிலேயே இருந்தது.

"வாய மூடிக்கினு படுங்க. ஒரு மணி நேரத்துல சிதம்பரம் சேரணும்னு டாக்டரு சொன்னாரில்ல?" என்றாள் இருசம்மாள்.

வண்டியை ஓட்டிய மகள் மாலதி ஐந்தாவது கியருக்கு மாற்றினாள். வேகம் நாற்பத்தைந்துதான். சீக்கிரம் டாப் போட்டால் டீசல் மிச்சம் என்பது அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம். இதுவோ அவள் புருஷன் அன்பரசு எடுத்துப் பத்து நாளே ஆன டர்போ டீசல் கார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி. எதிரே சாலை காலி. வலப்பக்கம் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

வண்டி வரவில்லை.

இன்னும் அழுத்தினாள். லாரியின் பின்சக்கரம் இடப்பக்கம் சற்று முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வளைவில் பஸ் ஒன்று விளக்கை அடித்தபடி திரும்பியது.

"ஐயோ, மாலதி!"

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து லாரிக்குப் பின்னால் நுழைந்தாள். பயத்தில் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. வராத வேகமெல்லாம் அப்போதுதான் மொத்தமாக வந்தது. வண்டி லாரியின் முதுகை நோக்கிப் பாய்ந்தது. பிரேக்கில் ஏறி நின்றாள். கரும்பு நுனிகள் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடின. பஸ் உரசிக்கொண்டு போனது.

"எங்கள கொல்லப் பாக்கறியாடி?"

"மிதிச்சேன்மா. வர்லம்மா."

அன்பரசு சொன்னதை அவள் பாதிக் காதில்தான் கேட்டிருந்தாள். 'பொகை வேகத்துலதான் டர்போ சுத்தி இஞ்சினுக்குக் காத்து தள்ளும். முள்ளு ரெண்டாயிரத்துக்குக் கீழ இருந்தா தூங்கும். அப்ப மிதிச்சா லேட்டாத்தான் வரும், வந்தா மொத்தமா வரும்.' இப்போது இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

"அப்பா, மூணுல போறேன். சத்தம் வரும். திட்டாதீங்க."

"என் வண்டி மிதிச்சதும் வரும்," என்றார், மூச்சு வாங்கியபடி. "இத நீதான் பாக்கணும்."

மூன்றாவது கியர். இஞ்சின் கத்தியது. முள் இரண்டாயிரத்தைத் தாண்டும்வரை லாரிக்குப் பின்னாலேயே காத்திருந்தாள். எதிரே வரும் ஒரு டிராக்டர் போகட்டும். ஒரு பைக் போகட்டும். அப்பாவுக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்று தெரியாமல் காத்திருப்பது பஸ்ஸைவிடப் பயமாக இருந்தது.

சாலை நீளமாகத் திறந்தது. மிதித்தாள். மிதித்த கணமே வண்டி எழுந்தது. லாரி பின்னால் சுருங்கியது.

"அம்மா, அப்பா பேசலியே?"

"மூச்சு வருது. ரோட்டப் பாரு."

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். ஒருவன் நாடியைப் பிடித்துப் பார்த்தான்.

"துடிக்குது, துடிக்குது. சீக்கிரம் உள்ள தள்ளு!"

அம்மா செருப்பில்லாமல் கூடவே ஓடினாள். மாலதியால் இறங்க முடியவில்லை. வலது காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் வெளியே வைத்தாள்.