எலைன் வீட்டில் தங்கிவிட்ட காற்று

தங்க வயல் ராபர்ட்சன்பேட்டையில் லீலா நடத்தும் மின்சாமான் கடைக்கு ஒரு மார்ச் மாதம் திரும்பி வந்த மேசை விசிறி, வாங்கியவள் வீட்டிலேயே தன் காற்றை விட்டுவிட்டு வந்தது. சுவிட்சைப் போட்டால் இறக்கை சுற்றும், இரைச்சலும் வரும், எதிரே வைத்த பில் தாள் அசையாது. காற்று மட்டும் சாம்பியன் ரீஃப் பகுதியில் எலைன் வீட்டு முன்னறையில், விசிறி இருந்த மூலையிலிருந்து, சத்தமே இல்லாமல் வீசிக்கொண்டிருந்தது. பார்க்கப் போனவர்கள் முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டு வந்தார்கள். காரணத்தில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. லீலா விலையைத் திருப்பிக் கொடுத்தாள், வரியைக் கொடுக்கவில்லை. வரிக்குண்டான பங்கு அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

லீலாவுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பாவம். அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்டின் வாயில் நின்று கூண்டுக்கு மணியடித்தவர். மேலே ஏறிய கல் எதுவும் திரும்பக் கீழே இறங்கி அவர் பார்த்ததில்லை. அதைக் கேட்டே வளர்ந்தவள், அரசாங்கத்துக்கு ஏறிப்போன ஜிஎஸ்டியும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். தங்க வயல்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்! ஆனால் எலைன் பாவாடை வயசிலிருந்து அவளோடு சுற்றியவள். புருஷன் எரிக் மைனில் பாறை துளைத்து நெஞ்சு நிறையத் தூசியோடு வீடு வந்தவர். படுத்தால் மூச்சு முட்டும், நாற்காலியிலேயே ராத்திரியைக் கழிப்பார். அவருக்காக வாங்கிய விசிறி டிரில் மாதிரி இரைந்ததால்தான் திருப்பினாள். போயும் போயும் லீலாவா நம்மிடம் பிடித்துக்கொண்டாள் என்று, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மார்க்கெட்டில் எதிரே பார்த்தால் கருவேப்பிலை வாங்குகிற சாக்கில் திரும்பிக்கொள்வாள். லீலாவுக்கு வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, சோறுதான் இறங்கவில்லை.

நவம்பரில் கணக்கு சரிபார்க்க வந்த ஆடிட்டர் நாகேஷ் தலையில் அடித்துக்கொண்டார். சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், அதை வாங்கியவரிடம் கொடுத்துவிட வேண்டும், மார்ச்சில் விற்றதற்கு இந்த நவம்பரோடு கெடு முடிகிறது, அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இத்தனை மாசமாக அந்த வீட்டில் வீசுவது தன் தப்புதான் என்று லீலாவுக்கு உறைத்தது. வரிப்பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு அப்போதே ஆட்டோ ஏறினாள்.

எலைன் கதவைத் திறந்துவிட்டு, திரும்பி உள்ளே நடந்தாள். முன்னறையில் எரிக் கட்டிலில் நன்றாக நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லீலா கவரை மேசைமேல் வைத்தாள். திரைச்சீலை தொங்கிப்போனது. காற்று நின்ற அறையில் எரிக் இருமி எழுந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் தவித்தார். எலைன் பாய்ந்து கவரை எடுத்து லீலாவின் கையில் திணித்தாள். திரைச்சீலை மறுபடி எழும்பியது, எரிக்கின் தோள் மெல்ல இறங்கியது.

"உன் காசாச்சே எலைன்," என்றாள் லீலா.

"வாணாம்டி. இவரு நெஞ்சுல கீற தூசிய யாருனா ரிட்டர்ன் எடுத்துக்கினாங்களா? இந்தக் காத்தாவது எங்ககிட்ட இருக்கட்டும்," என்றாள் எலைன். அத்தனை மாசம் கழித்து அவள் பேசியது அதுதான். பேசிவிட்டு, லீலாவின் கையை விடாமல் அழுதாள்.

லீலா கிரெடிட் நோட் போடவில்லை. நவம்பர் முடிந்தது, கெடு தீர்ந்தது, வரி அரசாங்கத்துக்கும் காற்று எலைனுக்கும் நிலையாயிற்று. டிசம்பர் குளிரில் எரிக் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினார். இப்போது கடையில் யார் எதைத் திருப்பினாலும், வரியோடு வேண்டுமா, வரியை விட்டுவிட்டா என்று லீலா கேட்கிறாள். கேட்டவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் எலைனும் அந்த முன்னறையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். எரிக் தூங்குவதால் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள்.